நல்ல மன்னர் இருந்தும் அறை கிடைக்கவில்லை

பேரையூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் போன வாரம் ஒரு பேச்சு. ஊழல் பெருத்துவிட்டது, தேர்தல் எல்லாம் வீண் செலவு, பத்து வருஷத்துக்கு மிலிட்டரி ஆட்சி வந்தால்தான் நாடு உருப்படும் என்று பெரியவர் ஒருவர் சொல்ல, சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். இது ஒன்றும் புதிய பேச்சல்ல. சின்ன வயதிலிருந்தே கேட்டு வருகிறேன். அன்று ராத்திரி என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு. அங்கே நின்றிருந்த நம் காலனித் தம்பி ஒருவன், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவன், அவனும் தலையாட்டினான். அவன் கைபேசியின் முகப்பில் இருந்தது அண்ணல் அம்பேத்கரின் படம்.

அந்தத் தம்பிக்காகத்தான் இந்த வாரம் அண்ணலின் வாழ்க்கையை ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். அவர் வாங்கிய பட்டங்களும் வகித்த பதவிகளும் பிறந்தநாள் சுவரொட்டியிலேயே இருக்கின்றன. எல்லா அதிகாரமும் ஒரே இடத்தில் சேர்ந்தால் நம்மைப் போன்றவர்களுக்கு என்ன நடக்கும் என்பதை அவர் எங்கே, எப்படிக் கற்றுக்கொண்டார் என்பதை மட்டும் பார்ப்போம்.

மிலிட்டரியில் இருந்தே தொடங்கலாம். அவர் பிறந்ததே ராணுவக் குடியிருப்பில்தான். 1891 ஏப்ரல் 14, மத்திய இந்தியாவில் மாவ் என்ற ஊர். அப்பா ராம்ஜி சக்பால் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சுபேதார். ராணுவப் பள்ளியில் தலைமை ஆசிரியராகவும் இருந்தார். மகர் சாதி மக்களுக்கு ஊருக்குள் இல்லாத படிப்பும் மரியாதையும் ராணுவத்தில் கிடைத்தன. சிப்பாயின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. அம்பேத்கர் வீட்டில் புத்தகம் இருந்ததற்குக் காரணம் அதுதான். ஆனால் அவர் கைக்குழந்தையாக இருந்த அதே காலத்தில், இனி மகர்களை ராணுவத்தில் சேர்ப்பதில்லை என்று ஆட்சியாளர்கள் முடிவெடுத்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் கிடைத்த வாழ்வு ஒரே உத்தரவில் போனது. மகர்கள் மனு எழுதினார்கள். மனுவைப் படித்துப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை, ஏனென்றால் மனு எழுதியவர்களிடம் ஓட்டு இல்லை. உத்தரவு போட்டவர்களை மாற்றவும் வழியில்லை. தம்பி, மிலிட்டரி ஆட்சியில் கிடைக்கும் நன்மை இப்படித்தான். கொடுத்த கையே எடுத்துக்கொள்ளும், ஏன் என்று கேட்க ஓர் இடம் இருக்காது.

பத்து வயதை ஒட்டிய பருவத்தில் அப்பாவைப் பார்க்க அண்ணனோடு ரயிலேறிப் போனார். இறங்கிய நிலையத்தில் சாதியைச் சொன்னதும் எந்த வண்டிக்காரரும் வண்டி கட்டவில்லை. கடைசியில் ஒருவர் இரட்டைக் கூலிக்கு ஒத்துக்கொண்டார். பிள்ளைகளே மாட்டை ஓட்ட வேண்டும், அவர் நடந்து வருவார். இரவு முழுக்கக் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. இதெல்லாம் எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்பட்ட தண்டனை அல்ல. சர்வாதிகாரி என்றால் மீசையும் பூட்சும் போட்ட ஒருவர் என்று நாம் நினைக்கிறோம். முகமே இல்லாத சர்வாதிகாரம் ஒன்று உண்டு என்பதை அந்தப் பிள்ளைகள் அன்று பார்த்தார்கள்.

அடுத்து நல்ல மன்னரின் கதை. பரோடா சமஸ்தானத்தின் மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் உண்மையிலேயே நல்லவர். கல்விக்கு அள்ளிக் கொடுத்தவர், தீண்டாமையை வெறுத்தவர். அவர் கொடுத்த உதவித்தொகையில்தான் 1913இல் அம்பேத்கர் நியூயார்க் போய் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே ஜான் டூயி என்ற பேராசிரியர். ஜனநாயகம் என்பது அரசு நடத்தும் முறை மட்டுமல்ல, மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் கலந்து வாழும் முறை என்று சொல்லிக்கொடுத்தவர். அந்தப் பாடம் அம்பேத்கரை வாழ்நாள் முழுக்க விடவில்லை.

உதவித்தொகைக் காலம் முடிந்தது. ஒப்பந்தப்படி மன்னருக்கு வேலை செய்ய 1917இல் பரோடா திரும்பினார். பதவி, ராணுவச் செயலாளர். அலுவலகத்தில் கடைநிலை ஊழியர்கள் கோப்புகளைத் தூர நின்று மேசையில் எறிந்தார்கள். தங்க இடம் கிடைக்காமல், பார்சிக்காரர் பெயரில் ஒரு பார்சி விடுதியில் மறைந்து தங்கினார். விஷயம் வெளியே தெரிந்ததும் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து நின்றது. மூட்டையைக் கட்டிக்கொண்டு வெளியேறி, பூங்காவில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அழுதார். மன்னரிடம் சொல்லப்பட்டது. மன்னர் திவானைப் பார்க்கச் சொன்னார். திவான் தம்மால் ஆகாது என்றார். அவ்வளவுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கடல் கடந்து அமெரிக்காவுக்கு அனுப்ப அந்த மன்னரால் முடிந்தது. சொந்தத் தலைநகரில் ஓர் அறை வாங்கித் தர முடியவில்லை. மேலே இருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், கீழே பக்கத்து வீட்டுக்காரர் நம்மை மனிதராக மதிக்காவிட்டால் அந்த நல்ல மனம் நம் வாசல்வரை வந்து சேராது. வலுவான தலைவர் வந்தால் சாதி ஒழியும் என்று நம்புகிறவர்கள் பரோடா பூங்காவின் அந்த மரத்தடியை நினைத்துப் பார்க்கட்டும்.

மிச்சப் படிப்பை முடிக்க 1920இல் மறுபடி லண்டன் போனார். இடையில் சில காலம் ஜெர்மனியில் பான் நகரப் பல்கலைக்கழகத்திலும் இருந்தார். போரில் தோற்று, பணம் மதிப்பிழந்து, ஆனால் ஓட்டுரிமையோடு புதிய குடியரசாக நின்ற ஜெர்மனி அது. பக்கத்தில் இத்தாலியில் 1922 அக்டோபரில் முசோலினி ஆட்சியைப் பிடித்தார். அம்பேத்கர் ஊர் திரும்பிப் பத்தே ஆண்டுகளில், 1933 ஜனவரியில், ஜெர்மனி ஹிட்லர் கைக்குப் போனது. நல்ல அரசமைப்புச் சட்டம் ஒன்று அந்த நாட்டிலும் இருந்தது. ஏடு ஏடாகத்தான் இருந்தது, காப்பாற்ற ஆளில்லை.

ஏட்டில் இருக்கும் உரிமை எவ்வளவு தூரம் போகும் என்று அவர் நம் நாட்டிலேயே சோதித்துப் பார்த்தார். 1923இல் பம்பாய் சட்டமன்றம் பொதுக் குளங்களையும் கிணறுகளையும் எல்லோருக்கும் திறந்துவிடத் தீர்மானம் போட்டது. மகாத் நகராட்சி 1924இல் தன் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டது, காகிதத்தில். நம் தமிழ் மண்ணிலும் அதே 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் பொதுச் சாலைக்கும் கிணற்றுக்கும் இதே போன்ற தீர்மானம் கொண்டுவந்தார் என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். 1927 மார்ச் 20 அன்று ஆயிரக்கணக்கானோரோடு நடந்து போய் அம்பேத்கர் அந்தக் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். கூட்டம் முடிந்து திரும்பியவர்களை ஆதிக்க சாதியினர் தடியால் அடித்தார்கள். குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். டிசம்பரில் மறுபடி போனபோது, எதிர்த்தரப்பு நீதிமன்றத் தடை உத்தரவு வாங்கி வைத்திருந்தது. பின்னால் பெருங்கூட்டம் நிற்கிறது. ஒரு சொல் சொன்னால் குளத்தில் இறங்கியிருப்பார்கள். அவர் இறங்க வேண்டாம் என்று முடிவெடுத்தார். ஊர்வலம் போனார்கள், மனுஸ்மிருதியை எரித்தார்கள், குளத்தைத் தொடாமல் திரும்பினார்கள். வழக்கு பத்து ஆண்டு நடந்து 1937இல் உயர்நீதிமன்றத்தில் நமக்குச் சாதகமாக முடிந்தது. ஒரு வாய்த் தண்ணீருக்குப் பத்து ஆண்டு.

உண்மையைச் சொன்னால், இயக்கத்தில் இருக்கும் எனக்கு இந்த இடத்தை இன்றும் எளிதாகக் கடக்க முடியவில்லை. தடை உத்தரவை மீறிச் சாலையில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். அண்ணல் வேறு கணக்குப் போட்டார். பலத்தால் தீர்ப்பதென்று வந்துவிட்டால் பலம் உள்ளவன்தான் ஜெயிப்பான், நாம் ஜெயிக்கக்கூடிய ஒரே களம் சட்டம்தான் என்ற கணக்கு. சரியா தப்பா என்று எங்கள் கூட்டங்களில் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

ஓட்டுக்கு வருவோம். 1928இல் சைமன் குழு முன்பு வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வேண்டும் என்று கேட்டார். அந்த ஆண்டில்தான் இங்கிலாந்திலேயே பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான ஓட்டுரிமை வந்தது என்றால், அவர் கேட்டது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். சொத்தும் வரியும் படிப்பும் பார்த்து ஓட்டுக் கொடுத்த காலம். நம் பாடப்புத்தகத்தில் உத்திரமேரூர்க் குடவோலை முறையைப் பெருமையோடு படிக்கிறோம். அந்தக் கல்வெட்டிலேயே நிலம் வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும் என்று தகுதி போட்டிருப்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நம் முப்பாட்டன் பெயர் அந்தக் குடத்துக்குள் விழுந்திருக்க வாய்ப்பே இல்லை.

1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் சேர்ந்து போனார்கள். 1932 ஆகஸ்டில் தாழ்த்தப்பட்டோருக்குத் தனித் தொகுதி அறிவிக்கப்பட்டது. காந்தியார் எரவாடா சிறையில் சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார். செப்டம்பர் 24 அன்று அம்பேத்கர் புனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். தனித் தொகுதி போய், கூட்டுத் தொகுதியில் 148 இடங்கள் வந்தன. அவற்றில் சென்னை மாகாணத்துக்கு 30. எண்ணிக்கை கூடியது, தேர்ந்தெடுக்கும் பிடி நம் கையை விட்டுப் போனது. ஒரு மகானின் உயிரைத் தட்டில் வைத்து நிறுத்தால், மறு தட்டில் லட்சக்கணக்கான ஏழைகளின் வாதம் எடையே இல்லாமல் போகும் என்பதை அந்த ஐந்து நாளில் அவர் பார்த்தார். சுதந்திர இந்தியாவில் உண்ணாவிரதமும் சட்ட மறுப்பும் அரசியல் கருவியாக இருக்கக் கூடாது என்று பின்னாளில் அவர் கண்டித்துச் சொன்னதற்கு விதை எரவாடாவில் விழுந்தது என்பது என் எண்ணம்.

அந்தக் கையெழுத்துப் போட்ட சில நாட்களிலேயே, அக்டோபரில், பம்பாய் சட்டமன்றத்தில் கிராமப் பஞ்சாயத்து மசோதா வந்தது. நம் பகுதிக்காரர்கள் கவனிக்க வேண்டிய பேச்சு இது. சாதியில் ஊறிய ஊரில், ஊரின் பெரும்பான்மை கையில் நீதி வழங்கும் அதிகாரத்தைக் கொடுத்தால் எங்கள் உயிருக்கும் உடைமைக்கும் யார் பொறுப்பு என்று கேட்டார். எல்லோருக்கும் ஓட்டு இருந்தாலும் போதாது, எங்களுக்கு ஒதுக்கீட்டு இடம் வேண்டும் என்றார். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் போற்றிப் பேசியவர்கள் முன்னால், கிராமம் என்பது குறுகிய மனத்தின், அறியாமையின், சாதி வெறியின் இருப்பிடம் என்று போட்டு உடைத்தார். கிராமத்தைக் கேவலப்படுத்திவிட்டார் என்று பலருக்குக் கோபம்.

கோபப்பட்டவர்களை நம் பக்கத்து உசிலம்பட்டி வட்டாரத்துக்கு அழைத்து வந்திருக்கலாம். 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தத்தின்படி ஊராட்சித் தலைவர் பதவியில் நமக்கு ஒதுக்கீடு வந்தது. 1996 தேர்தலில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டன. தேர்தல் அறிவிப்பு வரும், மனுப்போட ஆள் வராது. மனுப்போட்டு ஜெயித்தாலும் பதவியேற்ற கையோடு ராஜினாமா எழுதி வாங்கப்படும். பத்து ஆண்டு இப்படி ஓடி, 2006 அக்டோபரில்தான் தலைவர்கள் நாற்காலியில் நிலையாக உட்கார்ந்தார்கள். மேலூர்ப் பக்கம் மேலவளவில் தலைவராக ஜெயித்த முருகேசனை 1997 ஜூன் 30 அன்று பட்டப்பகலில் பஸ்ஸை மறித்து, உடன் வந்தவர்களோடு வெட்டிக் கொன்றார்கள். டெல்லியில் அப்போது நாடாளுமன்றம் இருந்தது, நீதிமன்றம் இருந்தது, பத்திரிகை இருந்தது. உலகின் மிகப்பெரிய ஜனநாயகம் மேலவளவு பஸ் நிறுத்தம்வரை வந்து சேரவில்லை.

மீண்டும் அண்ணலின் காலத்துக்குப் போவோம். 1939இல் இரண்டாம் உலகப் போர். பிரிட்டனின் எதிரி நமக்கு நண்பன் என்று பலர் நினைத்தார்கள். அதில் ஒரு நியாயம் இருந்தது, அடிமைப்படுத்தியவன் மேல் கோபம் வரத்தான் செய்யும். அம்பேத்கருக்கும் பிரிட்டிஷ் ஆட்சி மேல் மயக்கம் எதுவும் இல்லை, வட்டமேசை மாநாட்டிலேயே அந்த ஆட்சி நம் மக்களுக்கு என்ன செய்து கிழித்தது என்று கேட்டவர்தான். ஆனாலும் நாஜிகள் ஜெயித்தால் இந்தியா விடுதலையைப் பற்றிக் கனவுகூடக் காண முடியாது என்று உறுதியாகச் சொன்னார். பிறப்பை வைத்து ஒரு மனிதக் கூட்டத்தையே கீழானது என்று முத்திரை குத்துவது அவருக்கு ஐரோப்பியப் புதுமையாகத் தெரியவில்லை. 1941இல் மகர் படைப்பிரிவு புதிதாக உருவானது. போருக்கு ஆள் தேவைப்பட்டதும் அடைத்த கதவு திறந்தது.

1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வைத்திருந்தார். வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 ஆகக் குறைக்கும் மசோதாவை 1946இல் கொண்டுவந்தது அவர்தான். அந்த நாட்களில் அவர் பேசிய ஒரு பேச்சு எனக்கு எல்லாவற்றிலும் முக்கியம். 1943 செப்டம்பர் 17, டெல்லியில் தொழிற்சங்க ஊழியர்களின் பயிற்சி முகாம். இத்தாலியிலும் ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் மக்கள் ஏன் ஜனநாயகத்தைக் கைவிட்டுச் சர்வாதிகாரிகளின் பின்னால் போனார்கள் என்று அலசினார். ஓட்டுக் கொடுத்த ஜனநாயகம் சோற்றைப் பற்றிக் கவலைப்படவில்லை. சுதந்திரம் என்று சொல்லி, முதலாளியும் கூலியும் சமமாக உட்கார்ந்து பேரம் பேசுவதாகப் பாவனை செய்தது. வெறுத்துப்போன ஏழை, ஒரே ஆளிடம் எல்லாவற்றையும் ஒப்படைக்கத் தயாரானான். டீக்கடைப் பெரியவரின் சலிப்பை நான் கேலி செய்யாமல் இருப்பதற்கு இந்தப் பேச்சுதான் காரணம். அவர் சலிப்பு நிஜம். அவர் தேடும் மருந்துதான் விஷம்.

அதே ஆண்டு ஜனவரியில் புனாவில், அரசியலில் தனிமனிதரைக் கும்பிடும் பழக்கத்தைக் கடுமையாகச் சாடினார். காந்தியார், ஜின்னா இருவரையும் பெயர் சொல்லியே பேசினார். ஊருக்கு உபதேசம் என்று நினைத்துவிடக் கூடாது. சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த ஜெய்பீம் இதழ் அவருடைய பிறந்தநாள் மலருக்குச் செய்தி கேட்டபோது, தன் பிறந்தநாளை இப்படிக் கொண்டாடுவது பிடிக்கவில்லை, தனிமனித வழிபாடு ஜனநாயகத்தைக் கெடுக்கும் என்றே எழுதி அனுப்பினார். ஏப்ரல் 14 அன்று நாற்பதடிக்குப் பேனர் வைக்கும் நாம் அந்தச் செய்தியைப் பேனரில் போடுவதில்லை. நானும் போட்டதில்லை.

1946இல் அரசியல் நிர்ணய சபைக்குப் பம்பாயிலிருந்து போக வழியில்லாமல், ஜோகேந்திரநாத் மண்டலின் துணையோடு வங்காளத்திலிருந்து போனார். பிரிவினையில் அந்த இடம் போக, மறுபடி பம்பாயிலிருந்து வந்தார். 1947 ஆகஸ்ட் 29 அன்று வரைவுக் குழு அமைந்தது, அவர் தலைவரானார். சொத்து இல்லாதவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், பெண், ஆண் எல்லோருக்கும் ஒரே நாளில் ஓட்டு என்பது அந்தச் சட்டத்தில் வந்தது. முதல் பொதுத் தேர்தலில் 17 கோடிக்கும் மேலான வாக்காளர்கள். உரிமை பறிபோனால் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாம் என்ற 32ஆம் பிரிவைத்தான் அரசமைப்பின் உயிர் என்று அவர் கருதினார்.

1949 நவம்பர் 25 அன்று சபையில் நிறைவுரை. மற்றவர்கள் பாராட்டில் மிதந்த நேரத்தில் அவர் எச்சரித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் அவர் காலடியில் நம் சுதந்திரத்தை வைத்துவிடக் கூடாது, பக்தி ஆன்மாவுக்கு வழிகாட்டலாம், அரசியலில் அது சர்வாதிகாரத்தில்தான் கொண்டுபோய் விடும் என்பது ஒன்று. அரசியலில் எல்லோருக்கும் ஒரு ஓட்டு, வாழ்க்கையில் சமமின்மை என்ற முரண்பாட்டைச் சீக்கிரம் தீர்க்காவிட்டால், பாதிக்கப்பட்டவர்கள் இந்தக் கட்டடத்தையே தகர்ப்பார்கள் என்பது இன்னொன்று. 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்து பேச்சும் எழுத்தும் முடங்கியபோது முதல் எச்சரிக்கையை நாடு நினைத்துக்கொண்டது. இரண்டாவதை இன்னும் சரியாக நினைக்கவில்லை.

அதிகாரம் கையில் இருந்தபோது அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதும் இந்தக் கதையில் சேர்த்தி. பெண்களுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கும் தரும் இந்து சட்டத் தொகுப்பு மசோதா முடங்கியபோது, 1951 செப்டம்பரில் மந்திரி பதவியை ராஜினாமா செய்தார். தான் வரைந்த சட்டத்தின்படி நடந்த முதல் பொதுத் தேர்தலிலேயே பம்பாயில் தோற்றார். 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்றார். அரசமைப்பை எழுதியவருக்கு மக்களவையில் ஓர் இடம் கிடைக்கவில்லை. அதற்காக இந்த ஓட்டு முறையே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. மாநிலங்களவையில் உட்கார்ந்து கேள்வி கேட்டார். 1952 டிசம்பரில் புனாவில் வழக்கறிஞர்களிடம் பேசும்போது, பலமான எதிர்க்கட்சி இல்லாமல் ஜனநாயகம் நடக்காது என்றார். ரத்தம் சிந்தாமல் வாழ்க்கையைப் புரட்டிப்போடும் வழிக்குத்தான் ஜனநாயகம் என்று பெயர் என்பதும் அன்று அவர் கொடுத்த விளக்கம்.

1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானோரோடு பௌத்தம் தழுவினார். நவம்பர் 20 அன்று காட்மாண்டுவில் உலகப் பௌத்தர்கள் முன் புத்தரையும் மார்க்சையும் ஒப்பிட்டுப் பேசினார். வறுமையை ஒழிக்க வேண்டும் என்பதில் மார்க்சோடு உடன்பாடு. அதற்குச் சர்வாதிகாரம் வழி என்பதில் இல்லை. தற்காலிகம் என்று சொல்லி வரும் சர்வாதிகாரம் எப்போது வீட்டுக்குப் போகும் என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை என்றார். அந்த மாதம் 4ஆம் தேதிதான் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகருக்குள் சோவியத் டாங்கிகள் புகுந்து, தொழிலாளரும் மாணவரும் எழுப்பிய கிளர்ச்சியை நசுக்கத் தொடங்கின. பத்து வருஷத்துக்கு மட்டும் மிலிட்டரி ஆட்சி என்ற டீக்கடைக் கணக்கைக் கேட்டபோது எனக்கு இந்தப் பேச்சுதான் ஞாபகம் வந்தது. பத்து முடிந்ததா என்று எண்ணிப் பார்த்துச் சொல்வது யார்? சொன்னால் உயிரோடு விடுவார்களா?

நீரிழிவு அவரை உருக்கிவிட்டிருந்தது. டிசம்பர் 5 இரவு டெல்லி வீட்டில், புத்தரும் அவர் தம்மமும் நூலுக்கான முன்னுரையின் தட்டச்சுப் படியைக் கொண்டுவரச் சொல்லி, பார்ப்பதற்காகப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். காலையில் எழுந்திருக்கவில்லை. 65 வயது. உடல் பம்பாய் தாதருக்கு வந்தபோது மில் தொழிலாளர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து கடற்கரை முழுக்க நின்றார்கள்.

இதையெல்லாம் அந்தத் தம்பியிடம் டீக்கடையில் நின்றபடியே சொல்ல முடியவில்லை. மறுநாள் வீட்டுக்கு வரச்சொல்லி, அண்ணலின் அரசியல் நிர்ணய சபை உரைகள் உள்ள தமிழ்த் தொகுதியைக் கொடுத்தேன். நவம்பர் 25 உரை உள்ள பக்கத்தில் பழைய பஸ் டிக்கெட் ஒன்றை அடையாளம் வைத்தேன். ஒரு வாரத்தில் தருகிறேன் அண்ணே என்று வாங்கிப் போனான். வாரம் தாண்டிவிட்டது. நான் இன்னும் கேட்கவில்லை.